சௌக்கியக்காரர்கள்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த மூன்றாவது மாடி அறையில் காற்று வருகிறதா என்று முதலில் எழுது. இங்கே எல்லாரும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோமா என்று கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். இரண்டு அறை வீட்டில் நான் எங்கே போய்ப் பேசுவது? சுவருக்கு அந்தப் பக்கம் வாலு படுத்திருக்கிறான். அவனுக்குப் பாம்புக் காது. என் போனும் பாதி நேரம் அவன் கையில்தான், நீ எது அனுப்பினாலும் எனக்கு முன்னால் அவன் படித்துவிடுவான். அதனால் நீயும் கடிதமே எழுது. வீட்டுக்கு வேண்டாம், நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்து முகவரிக்குப் போடு.

உன் மருமகன் வாலு பள்ளிக்கூடப் படியில் மறுபடியும் விழுந்துவிட்டான். ஓடி விழுந்தால் பதின்மூன்று வயசுப் பிள்ளைதானே என்று விடலாம். சும்மா நின்ற இடத்தில் விழுகிறான். இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வருகிறது. எலும்பு டாக்டர் ஒருத்தர், தசை டாக்டர் ஒருத்தர் என்று அலைந்து, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி நரம்பு டாக்டரிடம் போனோம். நல்ல மனுஷன். வாலுவை வெளியே உட்காரவைத்துவிட்டு எங்களிடம் சொன்னார்:

"இது பொறக்கும்போதே வந்ததும்மா. மரபணுவுல எங்கேயோ ஒரு எழுத்து தப்பா விழுந்திருக்கு. எந்த எழுத்துன்னு தெரிஞ்சாத்தான் நோய்க்குப் பேரு வைக்க முடியும். இந்த மாதிரி ஒண்ணு ரெண்டு நோய்க்குப் புது மருந்து இங்கேயே சோதனை பண்றோம். ஆனா ரெண்டு விஷயம். எழுத்து கண்டுபிடிச்சிருக்கணும். பையன் பிடிமானம் இல்லாம நடக்கணும். கம்பு பிடிச்சுட்டா சேர்க்க மாட்டாங்க. போன காலை இந்த மருந்து திருப்பிக் குடுக்காது, இருக்கிற காலைத்தான் நிறுத்தி வைக்கும்."

இரத்தத்தை எங்கே அனுப்புவீர்கள் என்று கேட்டேன். உன் ஆபீஸ் பெயரைச் சொன்னாரே பார்க்கலாம்! "அங்கதான் சார் என் தம்பி இருக்கான்!" என்று கத்தியேவிட்டேன். உன் அத்தான் என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார். நீ கம்ப்யூட்டரில் என்னத்தைத் தட்டுகிறாய் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது. உடனே எழுது.

உன் அக்கா

ஜனவரி 25

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சௌக்கியம். காற்று வருகிறது, கூடவே எதிர்வீட்டு ரேடியோவும் வருகிறது. அத்தானுக்கு முதுகுவலி குறைந்ததா? தொடர்ந்து ஓட்டாமல் நடுவில் லாரியை நிறுத்தி இறங்கி நடக்கச் சொல்.

வாலுவின் இரத்தம் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. எண்தான் ஒட்டியிருக்கும், பெயர் இருக்காது. எந்த எண் என்று எனக்குத் தெரியும். வேறு யாரையும் தொடவிடாமல் நானே வாங்கி உள்ளே வைத்தேன்.

என்ன தட்டுகிறேன் என்று கேட்டாயே. ஒரு மனிதனின் மரபணுவை எழுத்தாகப் படித்தால் முந்நூறு கோடி எழுத்து வரும். ஆளுக்கு ஆள் அதில் நாற்பது ஐம்பது லட்சம் இடத்தில் வித்தியாசம் இருக்கும். வாலுவின் காலை இழுப்பது அதில் ஏதோ ஒன்று. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் மனிதக் கண்ணுக்கு அகப்படாது. அதற்குத்தான் ஒரு நிரல் எழுதி வைத்திருக்கிறேன். ஆபீஸில் அதற்குச் சல்லடை என்று பெயர்.

வேலை செய்யும் விதம் சுலபம். நோய் இல்லாத ஆயிரக்கணக்கான பேருடைய எழுத்துகள் எங்களிடம் இருக்கின்றன. அவர்களைச் சௌக்கியக்காரர்கள் என்போம். நோயாளியிடம் இருக்கும் ஒரு வித்தியாசம், அதே மாதிரி ஒரு சௌக்கியக்காரரிடமும் இருந்தால், அது நோய்க்குக் காரணமாக இருக்க முடியாது, தள்ளிவிடு. இப்படித் தள்ளித் தள்ளிக் கடைசியில் நோயாளியிடம் மட்டும் மிஞ்சுவது ஒரு கைப்பிடி. அதை உட்கார்ந்து ஆராய வேண்டும்.

வெளிநாட்டில் சேர்த்து வைத்திருக்கும் சௌக்கியக்காரர் தொகுப்புகளில் நம் மாதிரி ஆட்கள் ரொம்பக் குறைவு. அதனால் எங்கள் ஆபீஸ் ஆட்களையே சேர்க்க ஆரம்பித்தோம். டிரைவர், வாட்ச்மேன், டீ கொண்டுவரும் அம்மா, எங்கள் மேலாளர் எல்லாரும் உள்ளே. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதலில் இரத்தம் எடுக்க ஊசி, அப்புறம்தான் நாற்காலி.

படிக்கவே இரண்டு மாதம் ஆகும். மருமகப்பிள்ளையை அதுவரை குறும்பைக் குறைத்துக்கொள்ளச் சொல். நான் இருக்கிறேன், நீ தூங்கு.

உன் தம்பி

பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? இங்கே உன் அத்தான் முதுகோடு மல்லுக்கட்டிக்கொண்டே ஓடிக்கொண்டிருக்கிறார். எனக்கு ஒரு குறையும் இல்லை, இஸ்திரி மிஷின் ஆவியில் முகம்தான் கறுத்துவிட்டது.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். சல்லடை விஷயத்தை வாலுவுக்குச் சொன்னேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை. கேட்டதிலிருந்து தலைகால் புரியவில்லை அவனுக்கு. பக்கத்து வீட்டுப் பையன்களிடம், "எங்க மாமா முந்நூறு கோடி எழுத்துல ஒரு எழுத்தைத் தேடுறாரு தெரியுமா? நீங்க ஒரு பக்கம் படிக்கவே அழுவுறீங்க" என்று ஒரே அளப்பு.

நடந்தால்தான் மருந்து என்ற நிபந்தனையைப் பற்றி மட்டும் அவனிடம் மூச்சு விடவில்லை. பள்ளிக்கூடத்தில் கீழ்த்தள வகுப்புக்கு மாற்றிக்கொடுத்தார்கள். கழிப்பறைக்குப் போகும்போது சுவரில் விரலை வைத்துக்கொண்டு போகிறான். பார்த்தால் சும்மா கோடு போட்டு விளையாடுகிற மாதிரி இருக்கும். விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும்.

எல்லாரும் அவனைப் பார்த்து அப்படியே தாய்மாமன் என்பார்கள். அந்த மூக்கு, அந்தத் திருட்டுச் சிரிப்பு. மாமன் மூளையும் கொஞ்சம் வந்திருந்தால் இந்தப் பரீட்சையில் கணக்கில் தேறியிருப்பான்.

சீக்கிரம் தேடுடா. உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

உன் அக்கா

மார்ச் 16

அன்பு அக்காவுக்கு,

அத்தானும் நீயும் வாலுவும் எப்படி இருக்கிறீர்கள்? நான் சௌக்கியம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சல்லடை முடிந்தது. ஒன்றும் நிற்கவில்லை.

மிஞ்சியது இருபது இருபத்தைந்து இடம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்று காதுக்குரியது, ஒன்று முடி நிறத்துக்குரியது, இப்படி எதுவும் காலுக்குச் சம்பந்தமில்லை. இதற்காக இடிந்துபோகாதே. பத்து பேருக்குச் செய்தால் பாதிப் பேருக்கு முதல் தடவை அகப்படாது. சல்லடையின் கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கி மறுபடி ஓட்டுகிறேன்.

நேற்று எங்கள் ஆபீஸ் படியில் எல்லார் முன்னாலும் குப்புற விழுந்தேன். டீக் கோப்பை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "சார், உட்கார்ந்தே இருந்தா கால் மறந்துபோயிடும், கொஞ்சம் நடங்க" என்றார் வாட்ச்மேன். வாலுவிடம் சொல், மாமாவும் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று. சிரிப்பான்.

உன் தம்பி

ஏப்ரல் 3

தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். விழுந்ததில் அடிபடவில்லையே? கீழே பார்த்து நட.

ஒன்றும் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஒன்றும் இல்லை என்றால் என்னடா அர்த்தம்? பிள்ளை தரையில் கிடக்கிறான், உன் மிஷின் ஒன்றுமில்லை என்கிறதா? கோபத்தில் உன் கடிதத்தைக் கசக்கிப்போட்டு, அப்புறம் நானே எடுத்து மடிப்பை நீவினேன். உன் மேல் கோபம் இல்லை. யார் மேல் என்று தெரியவில்லை.

நடக்க வேண்டும் என்ற விஷயம் வாலுவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நாங்கள் யாரும் சொல்லவில்லை. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தின வாரம் முழுக்க, அறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் நடை பழகினான். "அம்மா, இப்ப பாரு, சுவரைத் தொடல, பாத்தியா?" கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வருகிறான். முழங்கை சுவரில் உரசுகிறது. பார்த்தேன், சூப்பர்டா என்றேன்.

டாக்டர் முன்னால் நடந்துவிட்டான். கடைசி இரண்டு எட்டு எப்படி வைத்தான் என்று அவனைப் பெற்ற எனக்குத்தான் தெரியும். டாக்டர் சொன்னார், "இன்னிக்கு முடியுது. எழுத்து வந்துட்டா நாளைக்கே மருந்து ஆரம்பிச்சுடுவேன். ஆனா மழைக்காலம் வரைக்கும் தாங்குமான்னு என்னைக் கேக்காதீங்க."

திரும்பி வரும்போது வாலு கேட்கிறான்: "மாமா சல்லடையில ஓட்டையைப் பெருசா போட்டுட்டாரோ?" உன் அத்தான் லாரி ஓட்டுகிறவர், அழுது நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தேடு. தலைகீழாக நின்றாவது தேடு.

அக்கா

மே 8

அன்பு அக்காவுக்கு,

எல்லாரையும் கேட்டதாகச் சொல். நான் சௌக்கியம்.

இரண்டாவது தடவையும் ஓட்டினேன், மூன்றாவதும் ஓட்டினேன். இரத்தம் மாறிவிட்டதோ என்று மறுபடி சரிபார்த்தேன், மாறவில்லை. படித்த மிஷினில் கோளாறோ என்று இன்னொரு மிஷினில் போட்டேன், அதே எழுத்து. பக்கத்து மேஜைப் பெண் கெட்டிக்காரி, அவளிடமும் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவளும் உதட்டைப் பிதுக்கினாள்.

செய்ய வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதையும் பார்க்க வேண்டும்.

கொஞ்ச நாளாக எனக்கு வேலை அதிகம். போனில் சரியாகப் பேசவில்லை என்று நினைக்காதே. வாலுவுக்கு என் முத்தம்.

உன் தம்பி

ஜூன் 19

தம்பிக்கு,

நலமாக இரு.

சக்கர நாற்காலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தார்கள். அறைக் கதவு அகலம் போதவில்லை, உன் அத்தான் நிலையைச் செதுக்கினார்.

முதல் நாள் வாலு அதில் உட்கார மாட்டேன் என்று தரையிலேயே கிடந்தான். இரண்டாம் நாள் உட்கார்ந்தான். மூன்றாம் நாள் நான் வேலைக்குப் போகும்போது, "அம்மா, இனிமே எனக்குச் செருப்பு வாங்க வேண்டாம்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

இனி உனக்கு அவசரம் இல்லை. மெதுவாகத் தேடு.

அக்கா

ஆகஸ்ட் 22

தம்பிக்கு,

உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதா? என் கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. போனில் வாலுவிடம் கதை பேசுகிறாய், நான் வாங்கினால், "அக்கா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். போன கடிதத்தில் சுருக்கென்று எழுதிவிட்டேன், அதுதான் கோபமா? அப்படி எழுதியிருக்கக் கூடாது. மூன்று தடவை தேடியவனை இன்னும் என்ன செய்யச் சொல்வேன்? வாலுவுக்கு இப்போது கையும் தடுமாறுகிறது. பேனா பிடித்தால் எழுத்து கோட்டை விட்டு மலையேறுகிறது.

நீ திட்டியாவது எழுது. எழுதாமல் இருக்காதே.

உன் அக்கா

செப்டம்பர் 14

அக்காவுக்கு,

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?

எழுத்து கிடைத்துவிட்டது. உங்கள் டாக்டருக்கு முறைப்படி அறிக்கை போய்விட்டது, அவர் கூப்பிடுவார். தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது. பெண்களை ஒன்றும் செய்யாது, அவர்கள் மூலமாக ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் வரும். சிலருக்குச் சின்ன வயசிலேயே வேகமாக வரும், சிலருக்கு நாற்பது வயசு வாக்கில் மெதுவாக வரும். அதற்குக் காரணம் இன்னும் யாருக்கும் தெரியாது.

உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை அக்கா. அப்படி மட்டும் நினைக்காதே.

தம்பி

அக்டோபர் 11

தம்பிக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவை இதை மரியாதைக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டும்.

டாக்டரைப் பார்த்தோம். என் இரத்தத்தையும் எடுத்தார்கள். என்னிடமிருந்துதான் போயிருக்கிறது. பத்து மாதம் சுமந்து இதைத்தான் என் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன். உன் அத்தான் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம். மருந்து இருக்கிற நோய்தானாம் இது. "ஏப்ரல் மாசம் தெரிஞ்சிருந்தா…" என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். "இது ஒளிஞ்சிருக்கிற எழுத்து இல்லம்மா. முதல் தடவையிலேயே பளிச்சுன்னு நிக்க வேண்டியது. எப்படித் தப்புச்சுதுன்னு எனக்கே புரியல." எனக்கும் புரியவில்லை. நீ தேடிய மூன்று தடவையும் எங்கே போயிருந்தது அது?

அம்மா மூலமாக ஆண்பிள்ளைக்கு வரும் என்கிறார்கள். எனக்கு அது அம்மாவிடமிருந்து வந்திருந்தால், நீயும் அதே அம்மா வயிற்றில் பிறந்தவன்தானே? உனக்கு வயசு நாற்பத்தொன்று. உன் கால் எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்.

உன் அக்கா

நவம்பர் 17

அக்காவுக்கு,

அத்தானும் நீயும் வாலுவும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

என் கால் வாலுவின் கால் மாதிரிதான். எனக்கு மெதுவாக வருகிறது, அவனுக்கு வேகமாக வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு வருஷமாகவே இடது செருப்பு முன்பக்கம் தேய்கிறது. உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் நாள் ஊசி, அப்புறம் நாற்காலி என்று எழுதினேனே, நானும் அப்படித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். நானும் ஒரு சௌக்கியக்காரன். வாலுவின் அந்த எழுத்து ஒவ்வொரு தடவையும் சல்லடைக்கு வந்தது அக்கா. ஒவ்வொரு தடவையும் சல்லடை என்னைப் பார்த்தது. இந்த ஆள் நன்றாகத்தானே இருக்கிறான், இதே எழுத்து இவனிடமும் இருக்கிறதே, அப்படியானால் இது நோய் இல்லை என்று தள்ளிவிட்டது. நான் எழுதிக்கொடுத்தபடி அது ஒழுங்காக வேலை செய்தது.

நோயாளியின் உறவுக்காரர் தொகுப்பில் இருந்தால் முதலில் அவரை வெளியே எடுக்க வேண்டும். அது விதி. அந்த விதியையும் நான்தான் எழுதினேன். மார்ச் மாதம் அது எனக்குத் தோன்றவே இல்லை. வாலு எனக்கு நோயாளி, நான் அவனுக்கு மாமா, தேடுகிறவன். தொகுப்பில் ஒரு எண்ணாக நானும் கிடக்கிறேன் என்ற நினைப்பே வரவில்லை. தப்பு இதோடு நின்றிருந்தால் உன் காலில் விழுந்து சொல்லியிருப்பேன், நீயும் ஒருநாள் மன்னித்திருப்பாய்.

மே மாதம் தோன்றிவிட்டது. ஒன்று பாக்கி இருக்கிறது என்று எழுதினேனே, அதுதான். தொகுப்பில் என் எண் இருக்கும் ஒரே ஒரு வரியை அழித்துவிட்டு ஓட்ட வேண்டும். விரலை விசை மேல் வைத்தேன். என்னை எடுத்த பிறகு அந்த எழுத்து வந்து நின்றால் எனக்கும் அதுதான் என்று ஆகிவிடும். எடுக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தேன். மறுநாளும் அப்படியே. உன் சக்கர நாற்காலிக் கடிதம் வந்த அன்றைக்குத்தான் எடுத்தேன். டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது, முதல் வரியிலேயே. நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை, கால் அல்ல காரணம். அப்புறம் இந்த உண்மையை உனக்கு எழுத இத்தனை மாதம்.

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய நோயாளிகள் அத்தனை பேரையும் நான் இல்லாமல் மறுபடி ஓட்டினோம். வேறு எந்த வீட்டிலும் என்னால் எழுத்து தப்பிப்போகவில்லை. உன் பிள்ளைக்கு மட்டும்தான் நான் குறுக்கே நின்றேன்.

உங்கள் டாக்டர் எனக்குப் போன் செய்தார். நான் இன்னும் பிடிமானம் இல்லாமல் நடக்கிறேன், பெயரும் தெரிந்துவிட்டது, அதனால் மருந்துச் சோதனையில் என்னைச் சேர்க்கலாமாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதை எந்த முகத்தோடு போட்டுக்கொள்வேன்?

தம்பி

டிசம்பர் 20

தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் சோப்புத் தண்ணீரில் போட்டுக் கரைத்துவிட்டேன். உன் அத்தானுக்குக் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். அந்த மனுஷனுக்கு இருப்பதே போதும்.

நலம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மே மாதம் அவன் நடந்தான். சுவரை உரசிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். "மாமா கண்டுபிடிக்கிற வரைக்கும் விழாம இருக்கணும்மா" என்று எனக்குச் சத்தியம் செய்துகொடுத்தான். மே முழுக்கக் காப்பாற்றினான். நீ நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினாயே, அந்த ஒவ்வொரு நாளும் அவன் எப்படி எழுந்து நின்றான் என்று நான் பார்த்தேன். மார்ச்சில் நடந்தது தப்பு. மேயில் நடந்ததற்கு எனக்கு வார்த்தை தெரியவில்லை. பயம் என்கிறாய். எனக்குப் பயம் இல்லையா? அந்தப் பதின்மூன்று வயசுப் பிள்ளைக்குப் பயம் இல்லையா?

இப்போது மருந்து வேண்டாம் என்றுவிட்டாயாமே, பெரிய தியாகி! வெட்கத்தை விட்டு டாக்டரிடம் போய்க் கேட்டேன். "சார், என் தம்பி வேண்டாம்னுட்டான். அந்த இடத்தை என் பிள்ளைக்குக் குடுத்துடுங்க." அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அது அப்படி மாத்திக் குடுக்கிற இடம் இல்லம்மா. உங்க தம்பி வரலைன்னா சும்மா கிடக்கும். பையனுக்குப் போட்டாலும் இனிமே பலன் இருக்காது."

கேட்டுக்கொண்டாயா? நீ விட்டுக்கொடுத்தது யாருக்கும் வந்து சேரவில்லை. உன் மனசுக்குத்தான் ஏதோ கொஞ்சம் இதமாக இருக்கும். அந்த இதத்தையும் நான் உனக்குத் தர மாட்டேன்.

ஒழுங்காக வந்து மருந்தைப் போட்டுக்கொள். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமாம். வேலையை இங்கே மாற்றிக்கொள்வாயோ, விடுவாயோ, எனக்குத் தெரியாது. இங்கே வந்து இரு. வாலு கனத்துவிட்டான். உன் அத்தானுக்கு இடுப்பு போய்விட்டது, போன வாரம் குளியலறையில் பிள்ளையோடு சேர்ந்து விழுந்தார். இரண்டு பேரையும் நான் ஒருத்தி தூக்கினேன். உன் கால் இருக்கும் வரைக்கும் நீ வந்து அவனைத் தூக்கு. குளிக்கவை, கழுவிவிடு. நீ படியேறி வருவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். எரியட்டும். உன்னோடு பேசுவேனா என்று இப்போது சொல்ல முடியாது. சோறு போடுவேன்.

ஒரே ஒரு விஷயம், வருவதற்கு முன் தெரிந்துகொள். எழுத்து கிடைத்துவிட்டது என்று வாலுவுக்குத் தெரியாது. சொன்னால், அப்போ மருந்து எங்கே என்று கேட்பான். எப்போது கிடைத்தது என்று கேட்பான். நான் சொல்லவில்லை, டாக்டரையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவனும் என்னை விடுவதில்லை. காலையில் கண் விழித்ததும், "அம்மா, மாமா இன்னும் தேடுறாரா?" என்பான். தேடுகிறார் என்பேன். அப்புறம்தான் பல் தேய்க்க வாயைத் திறப்பான்.

நீ வந்ததும் உன்னைத்தான் கேட்பான். அவன் முகத்தைப் பார்த்து, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று நீ சொல்ல வேண்டும். நாளைக்கும் கேட்பான். நாளைக்கும் சொல்.

அக்கா